காவிரி டெல்டா: குடிபெயர்வும் குடிவரவுச் சட்டங்களும்

காவிரி டெல்டாவின் நெல்வயல் ஊர்களிலிருந்து மக்கள் கடல் கடந்து பிழைக்கப் போவது இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. பழைய தஞ்சாவூர் மாவட்டம் இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்திருக்கிறது. இந்த நான்கு மாவட்டங்களிலும், நடுவே அமைந்த காரைக்காலிலும், வெளிநாட்டில் உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. போனவர்கள் தோட்டக் கூலிகள், கடைக்காரர்கள், கணக்கர்கள், கட்டடத் தொழிலாளிகள், பொறியாளர்கள் எனப் பலவகையினர். ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டுகளும், நிலமில்லாமையும், சாதிக் கொடுமையும், படிப்பும் அவர்களைக் கிளப்பின. ஆனால் யார் போகலாம், எத்தனை நாள் தங்கலாம், மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாமா என்பவற்றை முடிவு செய்தது ஒவ்வொரு காலத்திலும் ஒரு சட்டமும் ஒரு துண்டுக் காகிதமும்தான்.

அந்தச் சட்டங்களுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. உழைக்கும் கையை வரவேற்றவை பல. அந்தக் கைக்குரியவரின் குடும்பத்தை வரவேற்றவை சில. டெல்டாவின் குடிபெயர்வு வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியின் வரலாறு.

ஊர் வழக்கில்

கடல் கடந்த நாடுகளுக்கு டெல்டாவில் ‘அக்கரைச் சீமை’ என்று பெயர். கடலோர முஸ்லிம் ஊர்களில் வெளிநாட்டில் சம்பாதிப்பவர் ‘சபுராளி’. பயணத்தைக் குறிக்கும் ‘சபர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்ற பட்டப்பெயரே உண்டு.

இன்றைய பேச்சில் அனுமதியின் வகையே மனிதரின் நிலையைச் சொல்லிவிடும். ‘பெர்மிட்டுல இருக்கான்’ என்றால் சிங்கப்பூரில் கட்டட வேலை அல்லது கப்பல் பட்டறை, குடும்பம் ஊரில். ‘எஸ் பாஸ் கிடைச்சிருச்சு’ என்றால் ஒரு படி மேலே. ‘பிஆர் ஆயிட்டான்’ என்றால் இனி வீடு அங்கேதான். ‘கிரீன் கார்டுக்குப் போட்டிருக்கான்’ என்றால் அமெரிக்கா. எப்போது கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

நாகைத் துறைமுகம்

சோழர் காலத்திலிருந்தே கீழைக்கடல் வணிகத்தின் வாசலாக இருந்த நாகப்பட்டினம், 1786இல் ஆங்கிலேயர் பினாங்கைக் கைக்கொண்ட பிறகு ஆட்களை ஏற்றும் துறைமுகமாகவும் மாறியது. முதலில் போனவர்களில் நாகூர், நாகை வட்டார வணிகர்களும் படகோட்டிகளும் உண்டு. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா நினைவிடம் அவர்கள் விட்டுச்சென்ற தடம். பினாங்கிலும் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது.

தோட்டங்கள் பெருகியதும் கூலிக் கப்பல்கள் வந்தன. 1844 முதல் 1910 வரை ஏறத்தாழ 2,50,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக மலாயாவுக்குச் சென்றதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். தஞ்சை மண்ணில் பண்ணையாளாகப் பிறந்தவர் தம் நிலவுடைமையாளரான மிராசுதாரின் நிலத்திலேயே உழைத்துச் சாகவேண்டிய நிலை இருந்த காலம் அது. வேலைக்கு ஆள் குறைகிறது என்று மிராசுதாரர்கள் அரசிடம் முறையிட்டனர். ஆசை காட்டியும் ஏமாற்றியும் ஆள் பிடிக்கிறார்கள் என்ற புகார்களும் அதே காலத்தில் எழுந்தன. இரண்டுமே உண்மை. பண்ணையடிமைத்தனத்திலிருந்து தப்பிக்கக் கப்பல் ஒரு வழியாக இருந்தது. அந்தக் கப்பல் இன்னொரு கட்டுக்குள் கொண்டுபோய் விடவும் செய்தது.

ஒரு நிர்வாக மாற்றம் மட்டுமே மக்களின் பயணத்தைச் சட்டவிரோதமாக்கிவிட முடியும் என்பதற்கு ஆரம்பச் சான்றும் நாகையிலேயே கிடைக்கிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய அரசிடமிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. அதுவரை ஒரே அரசின் இரு கரைகளாக இருந்தவை அன்றிலிருந்து உள்நாடு, வெளிநாடு என்றாயின. கூலிகளை அனுப்ப அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் நீரிணைக் குடியேற்றங்கள் இல்லை என்பதால், பல தலைமுறைகளாகச் சென்ற வழி விதிமீறலாயிற்று. 1872இல் தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்ட பிறகுதான் அந்தப் போக்குவரத்து மறுபடி சட்டத்துக்குள் வந்தது.

கங்காணியும் டெப்போவும்

மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தைக் கங்காணி முறை பிடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணி உரிமச் சீட்டுடன் சொந்த ஊருக்கே வந்து, உறவுக்காரர்களையும் தெருக்காரர்களையும் அழைத்துச் செல்வார். 1907இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட குடிவரவு நிதி கப்பல் கட்டணத்தை ஏற்றது. தோட்ட முதலாளிகள் அதற்கு வரி செலுத்தினர். சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த டெப்போக்களில் ஆட்களைத் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்து, கப்பலேற்றினார்கள். அக்கரையில் பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவு போன்ற இடங்களில் நோய்த்தடுப்புக் காவலில் சில நாட்கள் கழிந்த பிறகே தோட்டம்.

1922இல் இந்தியா இயற்றிய குடிபெயர்வுச் சட்டம் இந்தப் பயணத்துக்குக் குடும்பம் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆண்கள் மனைவியின்றித் தனியாகப் போகக் கூடாது என்பது அதன் கீழ் வந்த விதி. மலாயாவுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து மீண்டும் மீண்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தனி ஆள் செலவு குறைந்த ஆள் என்பதே தோட்டங்களின் கணக்கு.

1938இல் ஆண் தொழிலாளியின் நாட்கூலியைத் தோட்டங்கள் 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தன. அந்த ஆண்டு ஜூன் மாதம், பயணச் செலவைப் பிறர் ஏற்கும் உதவிப் பயணத்தில் தொழிலாளர்கள் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. அதோடு கங்காணியின் காலம் முடிந்தது.

தில்லையாடியும் வலங்கைமானும்

குடிவரவுச் சட்டச் சீர்திருத்தம் என்ற சொல் இன்று வாஷிங்டனை நினைவூட்டுகிறது. அந்த அரசியலில் டெல்டாவைப் பூர்வீகமாகக் கொண்ட இருவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இறங்கியிருக்கிறார்கள்.

முதலாமவர் வள்ளியம்மை. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடி. அன்றைய தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் மாகாணத்தில் இந்தியர்கள் விரல்ரேகை பதித்துப் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டும். அனுமதியின்றி ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கினால் தலைக்கு மூன்று பவுன் வரி. இவற்றுக்கு மேல் 1913 மார்ச்சில் ஒரு தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு பெறாத திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் முன் செல்லாது என்றார் நீதிபதி சேர்ல். கணவனிடம் வந்து சேர அனுமதி கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் வந்த தீர்ப்பு அது. தாலி கட்டிய மனைவியரும் நிக்காஹ் செய்த மனைவியரும் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள்.

காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது அதன் பிறகுதான். அனுமதிச்சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைக் கடப்பதே அவர்கள் செய்த ‘குற்றம்’. வள்ளியம்மைக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. சிறையில் கண்ட காய்ச்சல் விடாமல், வெளியே வந்த சில வாரங்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது பதினாறு. அந்த ஆண்டே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது, இந்தியத் திருமணங்களை ஏற்றது. 1915இல் காந்தி தில்லையாடிக்கு வந்தார். அவ்வூரில் வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் உள்ளது.

இரண்டாமவர் 1869இல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்குச் சென்று, அங்கே குடியேறிய இந்தியர்களுக்கு வாக்குரிமையும் குடியுரிமையும் கேட்டார். 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவரானார்; டர்பன் நகரின் சாஸ்திரி கல்லூரி அவர் முயற்சியின் பயன். 1930களின் நடுவில் மலாயாத் தோட்டங்களைப் பார்வையிட்டு ஊதியம், குடியிருப்பு, பள்ளி பற்றி அறிக்கை அளித்தார். வள்ளியம்மை சட்டத்தை மீறி மாற்ற முயன்றார்; சாஸ்திரி மேசையில் அமர்ந்து பேசி மாற்ற முயன்றார். பேச்சின் பயன் சிறிதென்று அவருடைய காலத்திலேயே பலர் குறைகூறினர். ஆயினும் உழைப்பவருக்குக் குடியுரிமையும் வேண்டும் என்ற கோரிக்கையை அரசுகளின் மேசைக்குக் கொண்டுபோனவர்களுள் அவர் முக்கியமானவர்.

அடைபட்ட வாசல்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அக்கரைச் சீமைகள் ஒவ்வொன்றாகத் தனிநாடுகளாயின; எல்லைகள் இறுகின. மலாயாவில் 1953இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், தொழில்திறனோ குறிப்பிட்ட வருமானமோ இல்லாத புதியவர்களை நிறுத்தியது. ஏற்கெனவே அங்கிருப்பவர் கல்யாணத்துக்கு ஊர் வந்தாலும், மறுநுழைவு அனுமதியின் தேதி முடியுமுன் திரும்பியாக வேண்டும். 1959இல் வந்த கட்டுப்பாடு, ஐந்தாண்டுகளுக்கு மேல் கணவனைப் பிரிந்து இந்தியாவிலேயே இருந்துவிட்ட மனைவியருக்கு வாசலை அடைத்தது. நெல்லையும் மாட்டையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு ஊரில் தங்கிய பெண்கள் அந்தத் தங்கலுக்கே விலை கொடுத்தார்கள்.

1957இல் மலாயா விடுதலை பெற்றபோது குடியுரிமை எடுத்தவர்கள் நீல அடையாள அட்டைக்காரர்கள் ஆனார்கள். எடுக்கத் தவறியவர்கள் சிவப்பு அட்டையோடு நிரந்தரவாசிகளாக நின்றார்கள். பலருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே தெரியாது. தோட்டத்தில் பிறந்ததற்கான சான்று பலரிடம் இல்லை. 1969இல் குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்யத் தனி அனுமதி தேவை என்ற விதி அமலானதும், சிவப்பு அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினர். அவர்களில் மலாயாவிலேயே பிறந்து, ‘சொந்த ஊரை’ முதன்முறையாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பிரித்தது. யாரை எங்கே அனுப்புவது என்று அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை.

காரைக்காலின் கதை வேறு. 1962 ஆகஸ்டில் காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, அங்கே பிறந்தவர்கள் ஆறு மாதங்களுக்குள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு இருந்தது. எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசில் இருக்கிறார்கள். எழுதாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அந்த வழி இல்லை.

பயணம் மட்டும் பல காலம் கப்பலிலேயே தொடர்ந்தது. கிளாஸ்கோவில் 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப்போனவர்கள் ஆயிரமாயிரம். 1973இல் அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ கப்பல், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்ததோடு நின்றது. அதன் பிறகு அக்கரைச் சீமைக்கு வழி திருச்சி விமான நிலையம்.

சிங்கப்பூர்: பெர்மிட்டும் பாஸும்

2015இல் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, தமிழ்நாட்டிலிருந்து ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்கள் சென்ற நாடுகளில் சிங்கப்பூர் முன்வரிசையில் இருந்தது.

அங்கே வேலை அனுமதி ஏணிப்படி போல் அடுக்கப்பட்டிருக்கிறது. அடியில் வொர்க் பெர்மிட். கட்டட வேலைக்குப் போக விரும்பும் இளைஞர் முதலில் தமிழ்நாட்டிலேயே உள்ள பயிற்சி மையத்தில் கம்பி கட்டுதல், பலகை அடைத்தல், குழாய் பொருத்துதல் போன்ற ஒன்றைக் கற்று, சிங்கப்பூர் கட்டட ஆணையத்தின் தேர்வில் தேற வேண்டும். ஊரில் இதற்கு ‘டெஸ்ட் அடிப்பது’ என்று பெயர். அதற்கும் ஏஜென்டுக்கும் கட்டும் பணத்துக்காக நகை அடகுக்குப் போவதும், ஒரு மா நிலம் ஒத்திக்குப் போவதும் டெல்டாவில் எல்லோரும் அறிந்த நடைமுறை. முதல் ஓராண்டுச் சம்பளம் கடனுக்கே போய்விடுவதும் உண்டு.

ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் முதலாளி மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை கட்டுகிறார். 5,000 சிங்கப்பூர் வெள்ளி பிணைத்தொகையும் வைக்கிறார். பெர்மிட்காரர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க அரசின் முன் அனுமதி வேண்டும். எத்தனை ஆண்டு உழைத்தாலும் பெர்மிட் நிரந்தரவாசத்துக்கு வழியாவதில்லை. 2025 ஜூலையிலிருந்து பணிக்கால உச்சவரம்பு நீக்கப்பட்டு, வயது வரம்பு 63 ஆக உயர்த்தப்பட்டது. இனி ஒருவர் தம் உழைப்புக்காலம் முழுவதையும் அங்கே கழிக்கலாம். மனைவியோடு கழிக்க முடியாது.

2004இல் அறிமுகமான எஸ் பாஸ் நடுப்படி. மேல்படியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2023 செப்டம்பரிலிருந்து சம்பளம், படிப்பு, நிறுவனத்தின் பணியாளர் கலவை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடும் முறை வந்துள்ளது. குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 6,000 வெள்ளியாவது இருக்க வேண்டும். 2020இல் கொரோனா பரவியபோது அந்நாட்டின் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தொழிலாளர் விடுதிகளில் இருந்தவர்கள். பெர்மிட் வாழ்க்கை எத்தனை நெரிசலானது என்பதை உலகம் பார்த்தது அப்போதுதான்.

அமெரிக்கா: நீளும் வரிசை

1917ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியர் குடியேறுவதை அடியோடு தடுத்த அமெரிக்கா, 1946இல் ஆண்டுக்கு 100 இந்தியர் என்ற ஒதுக்கீட்டோடு வாசலைச் சற்றே திறந்தது. அந்த நூறு பேர் காலத்தில், 1958இல், பத்தொன்பது வயது சியாமளா கோபாலன் மாணவியாக பெர்க்லிக்குப் போனார். அவருடைய தந்தை பி. வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம். சியாமளாவின் மகள் கமலா ஹாரிஸ் 1964இல் ஓக்லாந்தில் பிறந்தார். 2020 நவம்பரில் அவர் துணை அதிபராகத் தேர்வானபோது துளசேந்திரபுரத்தில் கோலமிட்டுப் பட்டாசு வெடித்தார்கள்.

1965 அக்டோபர் 3 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் இனவழி ஒதுக்கீட்டை நீக்கியது. மருத்துவர்களும் பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் போகத் தொடங்கினர். 1990ஆம் ஆண்டுச் சட்டம் திறன் பணியாளர்களுக்கான எச்-1பி விசாவை உருவாக்கியது. இன்று அதற்கு ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு மேலும் 20,000. நிரந்தரவாசம் தரும் வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. மனைவி மக்களும் இந்தக் கணக்கிலேயே அடங்குவர்.

சிக்கல் அடுத்த விதியில் இருக்கிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. சிறு தீவுக்கும் இந்தியாவுக்கும் ஒரே வரம்பு. அதனால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை ஆண்டுக்காண்டு நீள்கிறது. 2025இன் நடுவில் இந்தியர்க்கான வேலைவழி கிரீன் கார்டின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகளின் முன்னுரிமைத் தேதி 2013ஐ ஒட்டியே நின்றது. அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மனுச் செய்தவருக்கு அப்போதுதான் முறை வந்தது. கைக்குழந்தையாகப் போன பிள்ளைக்கு 21 வயது நிறைந்துவிட்டால் பெற்றோரின் மனுவிலிருந்து விலக நேரிடும். தனி விசா தேட வேண்டும், இல்லையேல் அறியாத ஊருக்குத் திரும்ப வேண்டும்.

இதைத் திருத்தும் முயற்சிகள் கரை சேரவில்லை. 2013இல் விரிவான சீர்திருத்த மசோதா செனட்டில் 68க்கு 32 என்று நிறைவேறியது. பிரதிநிதிகள் அவை அதை எடுக்கவேயில்லை. நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் அவையில் 365க்கு 65 என்று வென்றது. 2020 டிசம்பரில் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் இணைக்குமுன் அவையின் காலம் முடிந்தது. எல்லைப் பாதுகாப்பு இல்லாமல் சீர்திருத்தம் இல்லை என்று ஒரு தரப்பும், ஆவணமற்றவர்களை விட்டுவிட்டுத் திறன் பணியாளர்களுக்கு மட்டும் வழி செய்யக் கூடாது என்று இன்னொரு தரப்பும் நிற்கின்றன. வரம்பை நீக்கினால் பிற நாட்டவர் பின்தங்குவர் என்ற கவலையும் உண்டு.

2025 செப்டம்பர் 19 அன்று அதிபர் டிரம்ப் வெளியிட்ட ஆணை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. அவ்வாண்டு ஜனவரியில் அவர் பிறப்பித்த வேறோர் ஆணை, தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளின் பிறப்புவழிக் குடியுரிமையை மறுக்க முயன்று நீதிமன்றங்களுக்குச் சென்றது.

இந்தியப் பக்கத்துக் காகிதங்கள்

வெளியேறுவதற்கும் சட்டம் உண்டு. பாஸ்போர்ட் தருவது அரசின் விருப்பமாக இருந்த நிலையை 1967 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஒப்புதல் பெற வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டு வேலை தருவதாகச் சொல்லும் போலி ஏஜென்டுகள் இந்த ஏற்பாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மாட்டிக்கொள்பவர் தொழிலாளியாகவே இருக்கிறார்.

ஊரில் நிற்கும் வாழ்க்கை

ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை, இல்லையேல் சம்பா மட்டும் என்பது டெல்டாவின் கணக்கு. அந்தக் கணக்கு தவறிய ஆண்டுகளில் வீட்டைத் தாங்கியது வெளிநாட்டுப் பணம். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் கூரையையும் சாய்த்தபோதும் பல குடும்பங்கள் முதலில் எதிர்பார்த்தது அக்கரையிலிருந்து வரும் பணத்தைத்தான். நிலமில்லாதிருந்த தலித் குடும்பங்கள் சில காணி வாங்கியதும், ஓட்டு வீடு மாடி வீடானதும் அந்த வருமானத்தால்.

மறுபக்கத்தில் நாற்று விடுவது முதல் நெல் கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடப்பது வரை பெண்களின் தலையில். கணவன் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை சில வாரங்கள் வருவார். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோதல் எல்லாம் அந்த விடுப்புக்குள் நெருக்கிக்கொண்டு நடக்கும். முகூர்த்த நாளைப் பஞ்சாங்கத்தோடு பெர்மிட் தேதியையும் வைத்துக்கொண்டு குறிக்கிறார்கள்.

2023 அக்டோபர் 14 அன்று நாகைத் துறைமுகத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது. அதில் ஏறுபவர்கள் கோயிலுக்கும் உறவினரைக் காணவும் போகிறவர்கள்; பாஸ்போர்ட்டைக் காட்டி ஏறி, சில நாட்களில் திரும்புகிறார்கள். பிழைக்கப் போகிறவர்கள் இரவுப் பேருந்தில் திருச்சிக்குப் போகிறார்கள். விமான நிலையத்தின் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் மனைவியும் குழந்தையும் நின்று கையசைக்கிறார்கள். சட்டைப்பையில் இருக்கும் அனுமதித் தாளில் ஒரு பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.